பிரீசோவின் ஓடக்கிண்ணம்

ரேனேயா தீவு
ஆர்தெமிசியோன் மாதம், வளர்பிறை நான்காம் நாள்

ஆர்க்கிப்பே அண்ணிக்கு அம்பெலிஸ் எழுதுவது.

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். உங்கள் அடுப்புப் புகை இங்கிருந்தே தெரிகிறது. நடுவில் இருக்கிற தண்ணீரைத் தாண்ட, படகுக்காரன் சோசோஸுக்கு ஒரு பாட்டுப் பாடி முடிக்கிற நேரம் போதும். இவ்வளவு பக்கத்தில் என்னைக் கொண்டுவந்து போட்டுவிட்டு இதுவரை ஒரு வார்த்தை இல்லை.

டேலோஸ் மண்ணில் யாரும் பிறக்கக் கூடாது, யாரும் சாகக் கூடாது. அப்போலோன் பிறந்த இடத்தில் வேறு தீட்டுப் படக் கூடாது. சரி. அதற்காகத்தான் பிள்ளைத்தாய்ச்சிகள் இந்தக் கரைக்கு வருகிறார்கள். ஆனால் மாதம் நிறைந்தபின் வருகிறார்கள். என்னை ஏழாம் மாதத்திலேயே மூட்டை கட்டி அனுப்பினீர்களே, அது எந்தத் தெய்வம் போட்ட சட்டம்? மருத்துவச்சி நன்னியோன் என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். “இவ்ளோ சீக்கிரம் வந்து இங்க என்னம்மா பண்ணப்போற, ஆடு மேய்க்கவா?” என்றாள். நானும் சிரித்து வைத்தேன்.

காரணம் எனக்குத் தெரியும். கடலில் ஆண் இருக்கிற பெண்தான் கடலோடிகளைக் காக்கிற தெய்வம் பிரீசோவுக்கு, படையல் வைக்கிற ஓடக்கிண்ணம் நிரப்பலாம்; முதல் உரிமை பெண்டாட்டிக்கு. உங்கள் தம்பி தெலேசோன் என் கணவர். ரோட்ஸ் போன கப்பலில் சுக்கான் பிடிக்கிறார். நான் வீட்டில் இருந்தால் இந்தப் பௌர்ணமிக்குக் கிண்ணம் என் கைக்கு வந்திருக்கும். அதன்பின் தூக்கத்தில் அவள் காட்டுகிற கனவும் எனக்கு வந்திருக்கும். தம்பியைப் பற்றிய சேதியைத் தம்பி பெண்டாட்டி சொல்லி நீங்கள் கேட்பதா? அதற்குத்தான் இந்த அவசரம்.

போகட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவர் திரும்புவதற்குள் குழந்தை பிறந்துவிட்டால், வீட்டுக்கு மூத்தவர் நீங்கள்தான் அதைத் தூக்கி வீட்டுத் தீயைச் சுற்றி வர வேண்டும். அப்போதுதான் அது அந்த வீட்டுப் பிள்ளை. இல்லையென்றால் தெருவில் கண்டெடுத்த பிள்ளைக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. செய்வீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். எனக்கு அது போதும்.

அம்பெலிஸ்

*

டேலோஸ்
அதே மாதம், வளர்பிறை ஆறாம் நாள்

அம்பெலிஸுக்கு.

நண்டு நடந்த மணல் மாதிரி எழுதுகிறாய். படித்து முடிப்பதற்குள் கண் வலி வந்துவிட்டது. ஆனால் ஏச்சு மட்டும் தெளிவாக இருக்கிறது, அதில் ஒரு எழுத்துப் பிழையும் இல்லை.

உன்னை முன்னதாக அனுப்பியது நான்தான். போன வருஷம் பாதி இரவில் வலி எடுத்து, படகு கிடைக்காமல், கோயில் காவலர்கள் ஒருத்தியைக் கட்டிலோடு தூக்கி ஓடினார்களே, நீயும் பார்த்தாய். அந்தக் கூத்து என் வீட்டு வாசலில் நடக்க வேண்டாம் என்று நினைத்தேன். அதோடு, நீ சொன்ன காரணமும் உண்டு. அதை மறைக்க எனக்கு என்ன பயம்?

தெலேசோனுக்கு மீசை முளைத்துக் கடலுக்குப் போன நாள் முதல் நான்தான் கிண்ணம் நிரப்பினேன். ஒவ்வொரு தடவையும் அவன் முழுசாகத் திரும்பி வந்தான். அப்புறம் நீ வந்தாய், கித்னோஸ் தீவில் மீனுக்கு உப்புப் போடுகிறவன் மகள். முதல் தடவை உன்னிடம் கிண்ணத்தைக் கொடுத்தபோது என்ன வைத்தாய்? அப்பம், தேன், அத்திப்பழம், பாலாடைக்கட்டி, எல்லாம் வைத்துவிட்டு மேலே ஒரு பிடி நெத்திலிக் கருவாடு. ஏன் என்று கேட்டால், “அவருக்குப் பிடிக்குமேன்னு வெச்சேன்” என்கிறாய், அத்தனை பெண்கள் முன்னால். சிரித்தார்களே, அது உன்னைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து.

பிரீசோவுக்கு எது வேண்டுமானாலும் வைக்கலாம், மீன் மட்டும் கூடாது. கடலில் விழுந்த ஆண்களைத் தின்ற வாயைக் கொண்டுபோய் அவளுக்கே படைப்பதா? என் புருஷனின் உடல் கரைக்கு வரவே இல்லை. அது எதன் வயிற்றுக்குள் போயிற்று என்று நினைக்காமல் நான் ஒரு வேளையும் சாப்பிட்டதில்லை. நான் மீன் தொடாததைப் பெரிய மனுஷித்தனம் என்று நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாய்.

தீயைச் சுற்றுவது பற்றி: என் தம்பி வந்து, தன் கையால் தூக்கி, தானே சுற்றி வரட்டும். அதுவரை அந்தக் குழந்தைக்கு இங்கே தீ இல்லை. நான் தூக்க மாட்டேன்.

ஆர்க்கிப்பே

*

ரேனேயா
பானேமோஸ் மாதம், வளர்பிறை ஐந்தாம் நாள்

அண்ணிக்கு.

ஆண் குழந்தை. நேற்று உச்சி வேளைக்குப் பிறந்தான். தலைமுடி அவர் மாதிரி, கோபம் என்னை மாதிரி என்கிறாள் நன்னியோன். அழுதால் உங்கள் கரைக்குக் கேட்கும், காதைத் தீட்டிக்கொண்டு இருங்கள்.

மறுபடியும் கேட்கிறேன். இது என் மானத்தை விட்டுக் கேட்பது. இப்படிக் கேட்பேன் என்று நான் நினைத்ததில்லை. தீயைச் சுற்றாத பிள்ளைக்குப் பெயரும் வைக்க மாட்டார்களாம் இங்கே. வருகிறவர்கள் எல்லாம் “இது யார் வீட்டுப் பிள்ளை?” என்று கேட்கிறார்கள். டேலோஸைக் கையால் காட்டுகிறேன். பார்த்துவிட்டுத் தலையாட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

என்மேல் உங்களுக்கு என்ன இருந்தாலும் இருக்கட்டும். அதைக் குழந்தையிடம் காட்டாதீர்கள்.

அம்பெலிஸ்

*

டேலோஸ்
பானேமோஸ், பௌர்ணமிக்கு மறுநாள்

அம்பெலிஸுக்கு.

பிள்ளை பிறந்தது சந்தோஷம். சோசோஸிடம் தேன் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கிண்ணத்தில் வைத்தது போக மிஞ்சியது. உனக்கென்று வாங்கியது என்று நினைத்துவிடாதே.

நேற்றுக் கிண்ணம் நிரப்பிக் கோயில் வாசலில் படுத்தேன். கனவு வந்தது. தெலேசோன் ஒரு படகில் தூங்குகிறான். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. படகு துறையைத் தொடுகிறது, அவன் எழுந்திருக்கவில்லை. யாரோ எழுப்பப் போக நான் தடுக்கிறேன். அவ்வளவுதான். விடிந்ததும் பெண்களிடம் சொன்னேன், எல்லாரும் கை தட்டினார்கள். பிரீசோ என்ற பெயருக்கே கண்ணயர்தல் என்றுதானே பொருள். அவளே தாலாட்டிக் கூட்டிவருகிறாள் என்றால் இனி என்ன கவலை?

உனக்கு இதைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. இருந்தாலும் சொல்லிவிட்டேன். அவன் வரட்டும். தீயைச் சுற்றுவது பற்றி அவனே முடிவு செய்யட்டும். என் பேச்சில் மாற்றம் இல்லை.

ஆர்க்கிப்பே

*

ரேனேயா
பானேமோஸ், தேய்பிறை நான்காம் நாள்

ஆர்க்கிப்பேக்கு.

இனி உங்களை அண்ணி என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

நேற்று இருட்டுகிற நேரத்தில் அவரைப் பலகையில் கட்டிக் கொண்டுவந்து என் வாசலில் இறக்கினார்கள். தொட்டால் கை சுடுகிறது. உதடு வெடித்துக் கிடக்கிறது. என்னை யாரென்று தெரிந்துகொள்ள அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

நீங்கள் எழுத மாட்டீர்கள் என்று தெரியும், அதனால் சோசோஸைச் சத்தியம் செய்யச் சொல்லிக் கேட்டேன். கப்பல் காலையிலேயே டேலோஸ் துறைக்கு வந்துவிட்டதாம். ரோட்ஸிலிருந்து வரும் வழியிலேயே காய்ச்சல். மாலுமிகள் வைத்தியரைக் கூப்பிடச் சொன்னார்களாம். நீங்கள் பூமாலையோடு, பெண்கள் கூட்டத்தோடு நின்றீர்களாம். அவர் பாயில் கிடந்ததைப் பார்த்துவிட்டு, “தூங்குறான், யாரும் எழுப்பாதீங்க, பிரீசோ காட்டினது இதுதான்” என்றீர்களாம். அந்த வெயிலில், அந்தக் கப்பலில், மாலை வரைக்கும் சுற்றி நின்று தாலாட்டுப் பாடினீர்களாம். ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை, எழுந்துவிடுவார் என்று. கடைசியில் கோயில் ஆள் வந்து கண் இமையைத் தூக்கிப் பார்த்து, இவன் சாகக் கிடக்கிறான், உடனே அந்தக் கரைக்கு எடுத்துப்போங்கள் என்று கத்தியிருக்கிறான்.

கருவாடு வைத்தவள் நான்தான். ஊரே சிரித்தது. அவரை வெயிலில் கருவாடாகக் காயப் போட்டவர் நீங்கள். இதற்கு யார் சிரிப்பார்கள்?

அம்பெலிஸ்

*

டேலோஸ்
அதே நாள், மாலை

அம்பெலிஸுக்கு.

ஏசு. நன்றாக ஏசு. ஆனால் பாதியைத்தான் சோசோஸ் சொல்லியிருக்கிறான். மீதியை நான் சொல்கிறேன், பிறகு ஏசு.

அவன் தூங்கவில்லை என்று பார்த்தவுடனே எனக்குத் தெரியும். வளர்த்தவளுக்குத் தெரியாதா? வைத்தியனைக் கூப்பிட்டால் அவன் என்ன சொல்வான் என்றும் தெரியும். பிழைப்பானா மாட்டானா என்று சந்தேகம் வந்தாலே போதும், தூக்கி உன் கரைக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தக் கரைக்கு நோயோடு போனவர்களில் யார் திரும்பி நடந்து வந்திருக்கிறார்கள், சொல். பிரீசோ அவனைத் தூங்குகிறவனாகத்தான் காட்டினாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். பாடிக்கொண்டே இருந்தால் நிஜமாகவே தூங்கிவிடுவான், தூங்கினால் தேறிவிடுவான் என்று நினைத்தேன். தண்ணீர் கொடுக்காதது தப்பு. அதற்கு நீ என்னை எது சொன்னாலும் பொருந்தும்.

உன்னிடம் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்றும் நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

இப்போது எப்படி இருக்கிறான்? வாற்கோதுமைக் கஞ்சியில் புதினா போட்டுக் கொடு. வலது பக்கமாகத் திரும்பிப் படுக்க வை, இடது பக்கம் படுத்தால் சின்ன வயதிலேயே அவனுக்கு மூச்சு முட்டும்.

என்னை வரச் சொல்லாதே. பிறப்பும் இறப்பும் நடக்கிற வீட்டு மண்ணை மிதித்தால் ஒரு வருஷம் கிண்ணம் தொட முடியாது. அவன் தேறி மறுபடி கடலுக்குப் போகும்போது யார் நிரப்புவது? நான் அங்கே வந்தால், அவன் சாகிறான் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆர்க்கிப்பே

*

ரேனேயா
பானேமோஸ், தேய்பிறை ஆறாம் நாள்

ஆர்க்கிப்பேக்கு.

வலது பக்கம் படுக்க வைத்தேன். மூச்சு கொஞ்சம் சீராக வருகிறது. நீங்கள் சொன்னதால் செய்தேன் என்பதை மறைக்கவில்லை.

இன்று காலை அவருக்குத் தெளிவு வந்தது. பிள்ளையைக் கேட்டார். நெஞ்சின் மேல் வைத்தேன். தீயைச் சுற்றியாகிவிட்டதா என்றுதான் முதலில் கேட்டார். நன்னியோன் சொல்லிவிட்டாள், உள்ளது உள்ளபடி. அவர் உங்களைத் திட்டவில்லை, அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். என்னைப் பார்த்து, “தூக்கி நிறுத்து” என்றார்.

ஒரு பக்கம் சோசோஸ், ஒரு பக்கம் நான். குழந்தை அவர் கையில். நன்னியோன் வீட்டு அடுப்பைச் சுற்றி வந்தோம். ஓட வேண்டும் என்பது முறை. அவர் கால் தரையில் இழுபட்டது. பாதியில் நின்று மூச்சு வாங்கி மீதியையும் முடித்தார். பெயரும் வைத்தார். அந்தப் பெயரை உங்களுக்கு எழுத மாட்டேன்.

தம்பி தன் கையால் தூக்கித் தானே சுற்றட்டும் என்றீர்கள். சுற்றிவிட்டார். உங்கள் வீட்டுத் தீயை அல்ல.

வர வேண்டும் என்றால் இன்றே வாருங்கள். வராவிட்டால் உங்கள் கிண்ணத்தைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

அம்பெலிஸ்

*

டேலோஸ்
பானேமோஸ், தேய்பிறை ஏழாம் நாள்

நாளைக் காலை சோசோஸின் படகில் வருகிறேன். கரையில் இறங்க மாட்டேன். படகிலிருந்தே அவனிடம் பேசுகிறேன். ஜன்னலைத் திறந்து வை.

ஆர்க்கிப்பே

*

ரேனேயா
பானேமோஸ், தேய்பிறை ஒன்பதாம் நாள்

ஆர்க்கிப்பேக்கு.

தெலேசோன் நேற்று மாலை இறந்துவிட்டார். இங்கே மேட்டில் புதைத்தோம். கித்னோஸ் வழக்கப்படி நான் முடியை வெட்டிக்கொண்டேன்.

நீங்கள் வந்ததைப் பார்த்தேன். முழங்கால் தண்ணீர் கூட இல்லை, ஒரு கால் எடுத்து வைத்தால் மணல். படகில் நின்றுகொண்டு அவர் பெயரைச் சொல்லிக் கத்தினீர்கள். “தெலேசோன், அக்கா வந்திருக்கேன்டா.” தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தினீர்கள். அலைச் சத்தத்தில் குரல் வந்தது, பேச்சுப் புரியவில்லை.

அவருக்குக் குரல் கேட்டது. யார் கத்துவது என்று கேட்டார். நான் சொன்னேன், “மீன்காரி, மீன் விக்கிறா.”

ஆத்திரத்தில் வாய் தவறி வந்தது என்று நினைக்காதீர்கள். யோசித்துத்தான் சொன்னேன். இறங்க மனமில்லாத அக்காவை அவருக்கு எப்படிக் காட்டுவது? அதைவிட மீன்காரி மேல். சொன்னதற்கு வருத்தமும் இல்லை.

அம்பெலிஸ்

*

டேலோஸ்
ஹெகடோம்பையோன் மாதம், வளர்பிறை இரண்டாம் நாள்

அம்பெலிஸுக்கு.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரமாகக் கோபப்படப் பார்க்கிறேன். முடியவில்லை. எனக்குக் கோபம் வராதது இதுதான் முதல் தடவை, அதனால் உடம்புக்கு என்னவோ என்று இருக்கிறது.

நேற்றுப் பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். துக்கம் விசாரித்தார்கள், அப்பம் சாப்பிட்டார்கள். எழுந்திருக்கும்போது மெதுவாகச் சொன்னார்கள், கிண்ணத்தைக் கொடுத்துவிடு என்று. கடலில் ஆண் இல்லாதவள் அதை வைத்துக்கொள்ளக் கூடாதே. அது எனக்குத் தோன்றவே இல்லை, நம்புவாயா? தீட்டுப் படக் கூடாது, கிண்ணம் கைவிட்டுப் போகக் கூடாது என்று படகிலேயே நின்றேன். அவன் போனால் கிண்ணமும் போய்விடும் என்பது இந்த மூளைக்கு எட்டவில்லை. ஒரு காலை எடுத்து வைத்திருக்கலாம். எதற்காக நின்றேன் என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

நேராகக் கேட்கிறேன். பிள்ளையை இங்கே கொண்டுவா. நானே தூக்குகிறேன், இந்த வீட்டுத் தீயைச் சுற்றி ஓடுகிறேன், முட்டி போனாலும் ஓடுகிறேன். மேல் அறை உனக்கு. வீட்டுச் சாவி உனக்கு. நீ என்னோடு பேசக் கூட வேண்டாம். வீட்டில் ஒரு குழந்தைச் சத்தம் இருந்தால் போதும்.

மீன்காரி என்று சொன்னாயே. அதற்கு அவன் என்ன சொன்னான்? அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாய். கெட்டதாக இருந்தாலும் எழுது.

ஆர்க்கிப்பே

*

ரேனேயா
ஹெகடோம்பையோன், வளர்பிறை ஐந்தாம் நாள்

ஆர்க்கிப்பேக்கு.

பிள்ளையைக் கொண்டுவர மாட்டேன். கெஞ்சிக் கேட்டபோது இல்லாத தீ இப்போது எதற்கு? அவன் சுற்றிவிட்ட தீ ஒன்று இருக்கிறது, அவன் அப்பாவே சுமந்தார். ஒருவனை இரண்டு தடவை சுற்றினால் முதலில் சுற்றியது செல்லாது என்று ஆகும். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

உங்கள் வீட்டில் நான் பட்டதையும் மறக்கப் போவதில்லை. சாவியைக் கொடுத்தால் மறந்துவிடும் என்று நினைத்தீர்களா? உங்கள் சமையலறையில் தண்ணீர்க் குடத்தைத் தொடவே எனக்கு உத்தரவு வேண்டியிருந்தது. வேண்டாம், அண்ணி. நாம் இரண்டு பேரும் ஒரே கூரைக்கடியில் இருந்தால் அந்தப் பிள்ளை சண்டையைக் கேட்டுத்தான் பேச்சே கற்றுக்கொள்வான்.

நீங்கள் கேட்டதைச் சொல்கிறேன். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன், அதை உங்களுக்குக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. நான் மீன்காரி என்றதும் அவர் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். சிரித்தார். “எங்க அக்கா கொரல் மாதிரியே இருக்கு. மீன் வாங்கிடாத, அக்கா வீட்டுக்குள்ள விட மாட்டா” என்றார். அதன்பின் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தம் நிற்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தார். சத்தம் நின்றதும் ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, போயிட்டாளா என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

நாளைக் காலை கித்னோஸ் போகிற கப்பலில் எங்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அப்பா வீட்டுக்குப் போகிறேன். காற்று எதிராக அடிக்கிறது, இரண்டு மூன்று இடத்தில் ஒதுங்கித்தான் போக வேண்டும் என்கிறார்கள். துறைக்கு வராதீர்கள். வந்தாலும் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

பெண்களிடம் சொல்லிக் கிண்ணத்தை வாங்கிவிடுங்கள். நாளை முதல் உங்களுக்குக் கடலில் ஓர் ஆண் இருக்கிறான். ஒரு மாதம்தான் ஆகிறது, இருந்தாலும் ஆண்தான். அவன் பெயர் தெலேசோன். நிரப்பிவிட்டுப் படுங்கள்.

கனவு எதுவாக இருந்தாலும் எனக்கு எழுத வேண்டாம்.

அம்பெலிஸ்